கார்ப்பெட்டுக்குக் கீழே

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அன்றிரவே சென்னையில் அடையாறு கரை மீறியது. சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது. கிண்டியை ஒட்டிய ஈக்காட்டுதாங்கலிலும் ஜாபர்கான்பேட்டையிலும் தெருவோரம் நின்ற கார்கள் தண்ணீருக்குள் போயின. மனிதர்கள் பட்ட பாட்டைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்தக் கார்கள் பிறகு என்ன ஆயின என்பதை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

மூழ்கிய காரைச் சரிசெய்யும் செலவு, அதன் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ்காரர்கள் அதை ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்துவிடுவார்கள். உரிமையாளருக்குப் பணம் வரும், வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர் எல்லாரும் உதிரிபாகத்துக்காக எடுப்பதில்லை. கழுவிக் காயவைத்து, சீட் கவர் மாற்றி, பாலிஷ் போட்டு மறுபடி ரோட்டில் இறக்கவும் எடுப்பார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே வெள்ளத்தில் நின்றது என்று குறித்துவிடுவார்கள். நம் ஆர்.சி.யில் எத்தனையாவது ஓனர் என்று இருக்கும். தண்ணீர் எதுவரை ஏறியது என்று இருக்காது.

இனி, வாங்குகிறவர் பக்கம். கிண்டி தொழிற்பேட்டையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் சேமிப்பு, மிச்சம் கடன். ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி’ என்று புரோக்கர் சொல்கிறார். வடபழனி வரை ஓட்டிப் பார்க்கிறார், ஏ.சி. ஜில்லென்று இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறார். முதல் மழைக்கு செக் லைட் எரிகிறது. பவர் விண்டோ ஒருநாள் இறங்குகிறது, மறுநாள் இறங்க மறுக்கிறது. மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டிரைவர் சீட்டைக் கழற்றுகிறார். கார்ப்பெட்டைத் தூக்கினால் அதன் அடிப்பஞ்சில் மாவு போல நைஸான வண்டல். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கும் பகுதியில் பழுப்பாக ஒரு கோடு. அதுவரைக்கும் தண்ணீர் நின்றிருக்கிறது. வயரிங் இணைப்புகளில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு.

“சார், இது தண்ணியில நின்ன வண்டி. வயரிங் கிட்டையே மாத்தணும். அதுக்கப்புறமும் எது எப்ப போகும்னு சொல்ல முடியாது. வெளிய தெரியறதுக்குள்ள தள்ளிவிட்டுடுங்க.”

இதைச் சொல்கிற மெக்கானிக் கெட்டவர் அல்ல. தன்னை நம்பி வந்தவருக்கு நஷ்டம் வரக்கூடாது என்று நினைக்கிறார். ஆனால் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஏமாந்தவர் என்ன செய்யலாம் என்பது பாதிக் கேள்விதான். ஏமாந்த பிறகு, தெரிந்த பிறகு, என்ன செய்யக்கூடாது என்பதுதான் கடினமான பாதி.

முதல் பாதியைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ஆவது பிரிவில் மோசடியை விளக்கும்போது குதிரையை உதாரணமாக எடுக்கிறது. (1777 முதல் குதிரைப் பந்தயம் நடந்த கிண்டிக்கு இது பொருத்தமான உதாரணம்தான்.) நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் ஏலத்தில் வாய் திறக்காமல் விற்றால் அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வாங்குவது அப்போதுதான் வயதுக்கு வந்த சொந்த மகள் என்றால் சொல்லியாக வேண்டும். ‘நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

மூன்றாவது உதாரணத்தைக் கார் வாங்குகிற எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளலாம். ‘வெள்ளத்தில் நின்றதா, பெரிய அடி பட்டதா, மீட்டரில் கைவைத்தார்களா?’ என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டுவிட்டால், அதன்பின் விற்பவரின் மௌனத்துக்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவில் ஒரு கொக்கியும் இருக்கிறது. சாதாரணக் கவனம் இருந்தாலே உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றால், மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது. சீட்டைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பது சாதாரணக் கவனமா? விற்க நிற்கும் வண்டியில் அதை யாரும் செய்ய விடமாட்டார்கள். ஓட்டிப் பார்ப்பது, பானெட் திறப்பது, ஆயில் பார்ப்பது, தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போவது ஆகியவற்றோடு வாங்குபவரின் கடமை முடிந்துவிடுகிறது என்பதே நியாயம். ‘நன்றாகப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று டெலிவரி நோட்டில் வாங்கும் கையெழுத்து, பார்க்க முடிந்ததற்கு மட்டும்தான் பொருந்தும்.

சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்ற வாதம் ரொம்பப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டில் சிசரோ, வீட்டின் குறைகளைச் சொல்லாமல் விற்பவரை வைத்து இரண்டு தத்துவவாதிகளை மோதவிடுகிறார். வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்கிறார் ஒருவர். நம் புரோக்கர்களும் இதையேதான் சொல்கிறார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் கையை விட்ட நிகழ்ச்சியை நபிமொழித் தொகுப்பில் படித்தவர்களுக்கு இந்த வாதம் நிற்காது என்று தெரியும். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை எல்லாரும் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார் நபிகள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல. காய்ந்ததை மேலே பரப்பியது அவர் கை. புது சீட் கவரும் வாசனைத் திரவியமும் அதே கையின் வேலைதான். நனைந்த கார்ப்பெட் மேல் புது மேட் விரித்த பிறகு ‘நான் ஒன்றும் சொல்லவில்லையே’ என்று பேச இடமில்லை.

தெரியாது என்ற பதிலும் சென்னையில் அவ்வளவு எளிதில் செல்லாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கார்கள் மிதந்து போனதை ஊரே பார்த்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தன் கார் நனையக்கூடாது என்று பாலம் ஏறுகிற ஊரில், நனைந்த காரை விற்கும்போது மட்டும் ‘அது பெரிய விஷயம் என்று நினைக்கவில்லை’ என்றால் யார் நம்புவார்கள்? புரோக்கரின் ‘நான் உள்ளே இறங்கிப் பார்க்கவில்லை’ இன்னும் மோசம். வண்டியைப் பற்றித் தெரிந்தவர் என்பதற்காகத்தான் அவருக்குக் கமிஷன், அதுவும் பல நேரம் இரண்டு பக்கமும். பார்க்காமல் இருப்பதையே தொழில் ஆக்கிக்கொண்டவருக்கு அறியாமை மன்னிப்பாகாது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை அது சரிசெய்யும். என்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்பதில் அது தலையிடுவதில்லை.

உண்மையிலேயே தெரியாமல் விற்றவர் உண்டு. இரண்டாவது ஓனராக வாங்கி, வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு மட்டும் எடுத்துப்போய், அப்படியே விற்றவர். இவரைத் திருடன் என்று போனில் கத்துவது அநியாயம். ஆனால் குறை தெரியவந்த பிறகும் அவர் முழு விலையையும் வைத்துக்கொள்ளலாமா? சட்டம் பெரும்பாலும் அவரை விட்டுவிடும். அறம் அப்படி விடாது என்றே தோன்றுகிறது. இல்லாத ஒன்றுக்கு வாங்கிய பணம் அவரிடம் இருக்கிறது. ரிப்பேரில் பாதியாவது ஏற்றுக்கொள்வதுதான் கௌரவம். தெரிந்தே விற்ற டீலர் கதை வேறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் இடத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். தனி மனிதரிடம் வாங்கியிருந்தால் பெரும்பாலும் சிவில் கோர்ட்தான். அந்தச் செலவும் காலமும் தெரிந்துதான் பலர் தள்ளிவிடும் யோசனைக்கு வந்து சேர்கிறார்கள்.

வாங்குபவரையும் சும்மா விட முடியாது. எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் கிளட்ச் தேய்வது மறைந்த குறை அல்ல, வயது. இல்லாத புகையை இருப்பதாகச் சொல்லி இருபதாயிரம் குறைத்துவிட்டு, மூன்று மாதம் நன்றாக ஓட்டிய பின் பேட்டரி போனதற்குப் பழைய ஓனரைத் திட்டுபவர்கள் ஏராளம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் விற்பவர் சொல்லியாக வேண்டிய குறைகள் இரண்டு வகை. தெரிந்திருந்தால் வாங்குபவர் அந்த விலை கொடுத்திருக்கமாட்டார் என்பது ஒன்று, உயிருக்கு ஆபத்தானது இன்னொன்று. சீட்டுக் கிழிசலும் கதவுக் கீறலும் அவரவர் கண்ணுக்கு விட்டது.

இப்போது அந்தக் கடினமான பாதிக்கு வரலாம். தள்ளிவிடலாமா?

அதற்குச் சொல்லும் காரணங்கள் லேசானவை அல்ல. கடன் தவணை ஓடுகிறது. ஏமாற்றியவர் போனை எடுப்பதில்லை. உண்மையைச் சொன்னால் வண்டி பாதி விலைக்கும் போகாது. ஏமாற்றாதவனின் தலையிலேயே ஏன் எல்லாம் விழ வேண்டும் என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு விற்றவரோடு தீர்க்க வேண்டியது. அடுத்து வாங்க வருபவர் அந்தப் பேச்சில் எங்குமே இல்லை. அவரும் அநேகமாக இன்னொரு மாதச் சம்பளக்காரர். அதோடு, முதலில் விற்றவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பது இன்னும் ஊகம்தான். இப்போது தள்ளிவிட நினைப்பவர் விஷயத்தில் ஊகத்துக்கு இடமில்லை. கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டியாகிவிட்டது.

‘விலையைக் குறைத்துத்தானே விற்கிறேன், அதிலேயே புரிந்துகொள்ளட்டும்’ என்பது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான வாதம். ஐம்பதாயிரம் குறைத்தால் அவசரத்துக்கு விற்கிறார், வெளிநாடு போகிறார் என்றுதான் வாங்குபவர் நினைப்பார். அப்படி நினைக்கவும் விடுவார்கள்.

பணத்தோடு முடிவதும் இல்லை. 2019 முதல் விற்கும் புதிய கார்களில் ஏ.பி.எஸ்.ஸும் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயம். இரண்டும் சென்சாரையும் வயரையும் நம்பி இருப்பவை. களிம்பேறிய இணைப்பு, கத்திப்பாரா மேம்பால இறக்கத்தில் பிரேக் மிதிக்கும் நேரம் பார்த்துக் கைவிடலாம். அப்போது அடிபடுவது வாங்கியவர் மட்டுமல்ல, எதிரில் ஸ்கூட்டரில் வந்தவரும்தான். அவர் யாரிடமும் எதையும் வாங்கவில்லை. இந்தக் காரணத்துக்காகவே, ஏர்பேக்கும் பிரேக்கும் சந்தேகமான வண்டியைச் சொல்லி விற்றாலும் கூட, ஓட்டுவதற்கு என்று விற்காமல் புதுப்பேட்டை பழைய வண்டிக் கடைகளுக்கு உதிரிபாகமாகக் கொடுப்பதே சரி என்று சொல்லலாம். அந்த நஷ்டம் சிறியதல்ல. தாங்க முடியாதவர் வயரிங்கை மாற்றி, மாற்றிய பில்லோடு, நடந்ததைச் சொல்லி விற்கலாம். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் அப்படிப்பட்ட வண்டியைத் தெரிந்தே எடுப்பார்கள்.

நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் வணிகரிடம் கேட்பது, பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேண வேண்டும் என்பது. இதை உபதேசம் என்று ஒதுக்குபவர்களுக்குப் பொருளாதாரத்திலும் ஒரு பதில் இருக்கிறது. பழைய கார் சந்தையை வைத்தே 1970-இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் எழுதிய கட்டுரை, பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமானது. குறையை மறைத்து விற்பது வழக்கமாகிவிட்டால் வாங்குபவர்கள் எல்லா வண்டிக்கும் விலையைக் குறைத்தே கேட்பார்கள், நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தைக்கே வரமாட்டார் என்பது அதன் சாரம். உண்மையிலேயே டாக்டர் ஓட்டின வண்டிக்கும் இன்று யாரும் முழு விலை கொடுக்காததற்குக் காரணம் அதுதான்.

மெக்கானிக்கிடம் மறுபடி வருவோம், அவர் நிலைதான் இதில் நுட்பமானது. இன்று கார்ப்பெட்டைத் தூக்கியவரிடமே, அடுத்த மாதம் அதே வண்டியை வாங்க நினைக்கும் இன்னொருவர் ‘ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணே’ என்று வரக்கூடும். கிண்டி, ஈக்காட்டுதாங்கல் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவருக்கு இது நடக்காத விஷயம் அல்ல. ஒரு வாடிக்கையாளரின் விவரத்தை இன்னொருவரிடம் போட்டு உடைக்க அவருக்கு மனம் வராது. அது புரிகிறது. ஆனால் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பானெட்டை மட்டும் திறந்து மூடி, ‘வண்டி நல்லா இருக்கு’ என்று அனுப்பிவிட்டால், அந்த விற்பனையில் அவரும் ஒரு விற்பவர்தான். அவர் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. “இந்த வண்டிய நான் பாக்கமாட்டேன் தம்பி, வேற ஆளுகிட்ட காட்டு, சீட்டக் கழட்டிப் பாக்கச் சொல்லு” என்றாலே வந்தவருக்குப் புரிந்துவிடும்.