கயிலை வலமும் உடலைப் பேணும் கடமையும்

இறைவனிடம் தன்னை முற்றிலும் ஒப்படைத்த அடியவர், பயணத்துக்கு முன் நாளையும் உயரத்தையும் கணக்கிடுவது அந்த ஒப்படைப்புக்கு முரணாகுமா என்னும் வினா கயிலை யாத்திரையில் மிகக் கூர்மையாக எழுகிறது. திபெத்தில் 6,638 மீட்டர் உயர்ந்து நிற்கும் அம்மலையின் சிகரத்தில் யாத்திரிகர் ஏறுவதில்லை. ஏறத்தாழ 52 கிலோமீட்டர் நீளும் பாதையில், கூடாரங்களிலோ எளிய விடுதிகளிலோ இரவைக் கழித்து, பெரும்பாலோர் மூன்று நாளில் அதனை வலம் வருகின்றனர். இப்பாதையின் மிக உயர்ந்த இடமான டோல்மா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டியது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதியே என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வாறே குறைகிறது. உடல் பழகுமுன் விரைந்து ஏறுவோரைத் தலைவலியும் குமட்டலுமாகப் பற்றும் உயர்மலை நோய், முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கச் செய்து உயிரையும் பறிக்கக்கூடும். எனவே 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு கொள்வதும் மருத்துவ நெறியாக வகுக்கப்பட்டுள்ளன.

இக்கணக்குகளை நம்பிக்கைக் குறைவு எனக் கருதுவோர், பெரியபுராணம் காட்டும் திருநாவுக்கரசரை நினைவூட்டக்கூடும். கால்கள் தேய்ந்தபின் கைகளால் ஊர்ந்தும், மார்பால் உந்தியும், புரண்டும் கயிலை நோக்கிச் சென்ற அவர், முனிவர் வடிவில் வந்த இறைவன் தடுத்தபோதும் திரும்ப இசையவில்லை. எனினும் அவ்வரலாற்றில் அருள் அவரை மலைமேல் ஏற்றாது, பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழுப்பி, அங்கேயே கயிலைக் காட்சியை வழங்கியது என்பதும், உடலை வருத்திய அவர்தம் உறுதி பிறர் எவரையும் இடருக்குள்ளாக்கவில்லை என்பதும் கருதத்தக்கவை. இன்று குழுவாகச் செல்லும் ஒருவர் நோயை மறைத்து முன்னேறினால், அவரைச் சுமந்து இறங்க வேண்டிய உதவியாளரும் உடன்வருவோரும் அந்த இடரில் பங்குகொள்ள நேரிடுகிறது.

தனு எனப்படும் உடல், கரணம் எனப்படும் மனம் முதலிய உட்கருவிகள், புவனம் எனப்படும் உலகம், போகம் எனப்படும் நுகர்பொருள் ஆகிய நான்கையும், உயிர் தன்னைப் பிணிக்கும் மலம் என்னும் அழுக்கின் கட்டினின்று விடுபடும் பொருட்டு இறைவன் அளித்தவை என்று சைவ சித்தாந்தம் கொள்கிறது. உடலை இழிவாக எண்ணியிருந்த நிலை மாறி, உள்ளே இறைவன் உறைவதை உணர்ந்தபின் அதனைப் பேணுவதாகத் திருமூலரும் கூறுகிறார். அளித்தவன்பால் அன்புடையோர் அளிக்கப்பட்டதைப் பாழாக்க ஒருப்படார். ஆகவே மருத்துவப் பரிசோதனையும் மெல்ல ஏறும் திட்டமும் வழிபாட்டின் உறுப்புகளே. நோய்க்குறி முற்றும்போது கணவாய்க்குக் கீழேயே வணங்கித் திரும்புவதும் நிறைவான யாத்திரையே.