விசில் ஊதுவதற்கு முன்

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் கால்பந்துப் போட்டியில் எங்கள் கல்லூரி அணி ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. எதிரணி ஒரு பெருநகரக் கல்லூரி. பெண்கள் அணி வெளியூர் போனால் துணைக்கு ஓர் ஆசிரியை போக வேண்டும் என்பதால் போனவள் நான். அதுவரை கால்பந்தில் எனக்குத் தெரிந்தது கோல் என்றால் என்ன என்பது மட்டும்தான். அரியலூர் திரும்பும் பேருந்தில் எங்கள் கோல்கீப்பர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இளங்கலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம். வீட்டில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறார்கள். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தபோது கேட்டாள்: “அம்மா, அவங்க அழுகுணி ஆட்டம் எதுவும் ஆடலை. நடுவரும் சரியாத்தான் இருந்தாரு. அப்ப நாம தோத்தது நியாயம்தானே?”

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லக் காரணம் கைவசம் இல்லை. “தூங்கும்மா” என்று மட்டும் சொன்னேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அவள் கேள்விக்குள் நாம் எல்லோரும் நம்புகிற ஒரு கருத்து இருக்கிறது. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்து, யாரும் அதை மீறாவிட்டால் முடிவு நியாயமானது. பக்கத்துக்குப் பதினோரு பேர், தொண்ணூறு நிமிடம், ஒரே அளவுக் கோல்கம்பம். இதற்குமேல் சமத்துவம் வேறென்ன வேண்டும் என்று கேட்கலாம். எல்லா ஏற்றத்தாழ்வையும் நீக்கிவிட்டால் போட்டியே இருக்காது என்பதும் உண்மைதான். ஒருத்தி வேகமாக ஓடுவாள், ஒருத்திக்குப் பந்து வரும் திசை முன்கூட்டியே தெரியும். அந்த வேறுபாடுகளை அளக்கத்தான் போட்டி வைக்கிறோம்.

ஆனால் போட்டி அளக்க வந்த வேறுபாடு ஒன்று. அளப்பதற்கு முன்பே தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட வேறுபாடு இன்னொன்று. அந்தப் பெருநகர அணிக்குத் தனிப் பயிற்சியாளர் இருந்தார். காலையும் மாலையும் பயிற்சி. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை, விடுதிச் சாப்பாடு. எங்கள் அணியிடம் மூன்று பந்துகள் இருந்தன. அதில் ஒன்று காற்று நிற்காதது. அந்தப் பெண்கள் கடுமையாக உழைத்தவர்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உழைப்பதற்கும் ஒரு முதலீடு வேண்டியிருக்கிறது. நேரம், சாப்பாடு, பூட்ஸ், வழிச்செலவு. இவை இருந்தவர்களின் உழைப்பு திறமையாக மாறியது. எங்கள் பெண்களின் உழைப்பு வெங்காயக் காட்டில் போயிற்று. ஒன்பது கோல்களில் எத்தனை கோல் திறமை, எத்தனை கோல் வசதி என்று நடுவரால் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்கோர் பலகையில் அதற்கு இடமும் இல்லை.

தொழில்முறைக் கால்பந்தின் முதலாளிகளுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா 2010இல் கிளப்புகளுக்கு ‘நிதி நேர்மை’ விதிகளைக் கொண்டுவந்தது. அதன் சாரம்: கால்பந்தில் வரும் வருமானத்துக்குள் செலவு செய்ய வேண்டும், முதலாளி தன் பையிலிருந்து வரம்பின்றிக் கொட்டி வீரர்களை வாங்கக் கூடாது. நம் ஐ.எஸ்.எல். போட்டியிலும் ஒரு கிளப் தன் வீரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்துக்குப் பல பருவங்களாக 16.5 கோடி ரூபாய் உச்சவரம்பு இருந்தது. பணம் ஆட்டத்தை முன்கூட்டியே முடித்துவிடும் என்பதை ஒப்புக்கொண்ட விதிகள் இவை.

ஆனால் அந்த ஒப்புதல் யாருக்குள் நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2019 மார்ச்சில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. அதே ஆண்டில் ஐ.எஸ்.எல்.தான் இனி நாட்டின் முதல்நிலை லீக் என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு முடிவானது. பட்டம் வென்ற அணி அடுத்த பருவத்தில் இரண்டாம் நிலை லீக்கின் சாம்பியனாக நின்றது. ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைய அப்போது வெற்றி வழியாக இருக்கவில்லை; உரிமைக் கட்டணம்தான் வழி. 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து ஐ-லீக்கை வென்ற கோகுலம் கேரளாவுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. 2022-23 சாம்பியனான பஞ்சாப் அணிதான் முதன்முதலில் வெற்றியால் மேலே போனது. அதுவரை உள்ளே இருந்தவர்களுக்குள் ஊதிய உச்சவரம்பு என்ற சமத்துவம் இருந்தது. வாசலில் பணம் காவல் நின்றது. பணக்காரர்கள் தங்களுக்குள் நேர்மையாக இருந்துகொள்வதை நியாயம் என்று சொல்வதற்கு எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இந்தத் தயக்கத்தோடு பெண்கள் பக்கம் வருவோம். 2023இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு முடிவை அறிவித்தது: இந்திய மகளிர் லீக்கின் முதல்நிலைக் கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளை ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஊதியத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனாலும் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்களுக்கு இதற்குமேல் கொடுக்காதே என்று உச்சவரம்பு. பெண்களுக்கு இதற்குக் கீழே கொடுக்காதே என்று கீழ்வரம்பு. பத்துப் பேருக்கான கீழ்வரம்பைக் கூட்டினால் 32 லட்சம் வருகிறது. ஒன்று உச்சம், மற்றது குறைந்தபட்சம் என்பதால் இவை நேரடியாக ஒப்பிடக்கூடிய தொகைகள் அல்ல. ஆனால் எந்த விளையாட்டில் எந்த வரம்பு தேவைப்படுகிறது என்பதே ஒரு செய்தி. ஆண்கள் ஆட்டத்தில் கவலை பணம் பெருகிவிடுவதைப் பற்றி. பெண்கள் ஆட்டத்தில் கவலை பணம் வருமா என்பதைப் பற்றி.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. “பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வருவதில்லை, வருமானம் இல்லை, அதனால் ஊதியம் இல்லை. இதில் அநியாயம் எங்கே?” யூஃபாவின் விதியும் இந்தத் தர்க்கத்தில்தான் நிற்கிறது: சம்பாதித்ததைச் செலவு செய். கேட்க நியாயமாகவே இருக்கிறது. சம்பாதிக்க எல்லோரையும் விட்டார்களா என்று கேட்கும்போதுதான் அது தடுமாறுகிறது.

1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் என்ற அணி ஆடியது. பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் அணி அது. பார்க்க வந்தவர்கள் சுமார் 53,000 பேர். அடுத்த ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருத்தமற்றது என்பது ஒரு காரணம். வசூலில் பெரும்பகுதி செலவுக் கணக்கில் போய்விடுகிறது, அறப்பணிக்குப் போதுமான அளவு போவதில்லை என்பது இன்னொரு காரணம். ஆண்கள் ஆட்டத்தில் வசூல் ஆண்களுக்கே போனது. அதை யாரும் குற்றமாக எழுதவில்லை. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. அந்த ஐம்பது ஆண்டுகளில் ஆண்கள் கிளப்புகள் அரங்கம் கட்டின, ரசிகர்களைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தன, தொலைக்காட்சிக்குத் தயாராயின. பிறகு கதவைத் திறந்து, “வாருங்கள், நீங்களும் சம்பாதித்துச் செலவு செய்யுங்கள்” என்றார்கள். தடுத்து வைத்ததால் வந்த வறுமை, தடுத்ததற்கே சான்றாகிவிட்டது. யூஃபாவும் பின்னாளில் மகளிர் கால்பந்துக்குச் செய்யும் செலவை அந்த வரவு செலவுக் கணிப்பிலிருந்து விலக்கிவைத்தது. கணக்கைத் திருத்தி எழுத முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

வருமானத்தில் பங்கு கொடுக்க மறந்தவர்கள் தண்டனையில் பங்கு கொடுக்க மறக்கவில்லை. 2022 ஆகஸ்டில் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. கோகுலம் கேரளாவின் பெண்கள் அணி அப்போது ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் நகருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆட முடியாமல் திரும்பினார்கள். ஆகஸ்ட் 26இல் தடை நீங்கியது. அவர்களுடைய போட்டி நீங்கியது நீங்கியதுதான். கூட்டமைப்பின் நிர்வாகச் சண்டையில் அந்தப் பெண்களுக்கு என்ன பங்கு?

இதையெல்லாம் சொன்னால், “மதுரை சேது எஃப்.சி. ஜெயிக்கவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஜெயித்தது. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. தமிழகப் பெண்கள் அணி 2018லும் 2023லும் தேசிய சாம்பியனானது. இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கில் சென்னைச் சாலைகளில் பணியில் நின்றவர். இவர்களை நினைத்தால் எனக்குப் பெருமைதான். ஆனால் இந்த வெற்றிகளை எங்கள் கோல்கீப்பரின் வாயை அடைக்க எடுத்து நீட்டுவதை ஏற்க முடியாது. தடையைத் தாண்டியவளைக் காட்டி, தடையே இல்லை என்று சொல்வது அவளுக்கும் அவமரியாதை, தாண்ட முடியாதவளுக்கும் அவமரியாதை.

அரியலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்த வாதத்தை வெறும் விளையாட்டு விஷயமாகப் பேச என்னால் முடியாது. குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கியவர். நீட் தேர்வு எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம் என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அன்று எங்கள் ஊரில் யாரும் ‘விதி எல்லோருக்கும் ஒன்றுதானே’ என்று சொல்லத் துணியவில்லை. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த வீடும் முடியாத வீடும் ஒரே கோட்டில் நின்றன என்பதை ஊர் பார்த்திருந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. தேர்வு அப்படியே இருந்தது; தேர்வுக்கு முன்னால் நடந்ததையும் கணக்கில் எடுக்க ஒரு வழி கிடைத்தது. போதுமா என்பது வேறு கேள்வி. படிப்பில் எங்களுக்குப் புரிந்த இந்த நியாயம் மைதானத்தில் மட்டும் ஏன் புரியாமல் போகிறது?

கோல்கீப்பருக்குச் சொல்ல வேண்டிய பதிலில் இன்னொரு பகுதி உண்டு. அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். தமிழ் இலக்கியத்தில் பந்து பெண்களின் விளையாட்டு. சங்கப் பாடல்களில் அவர்கள் பந்தாடுகிறார்கள், ஓரையும் கழங்கும் ஆடுகிறார்கள், வண்டல் இழைக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் பந்தாடும் பெண்களின் பாட்டுக்குக் கந்துகவரி என்று தனிப் பெயரே இருக்கிறது. பிறகு உடல் வளர்கிறது, இற்செறிப்பு வருகிறது. பெண் வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள், பந்து வெளியே கிடக்கிறது. இதை ஒவ்வோர் ஆண்டும் காலை வகுப்பில் நடத்துகிறேன். மாலையில் நான் விடுதிக் காப்பாளர்களில் ஒருத்தி. பெண்கள் ஆறு மணிக்குள் உள்ளே வர வேண்டும் என்ற விதித்தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

மைதானம் நான்கரை முதல் ஆறரை வரை ஆண்கள் கிரிக்கெட்டுக்கு. எங்கள் பெண்களுக்கு வெயில் இறங்காத மூன்றரை மணி, ஒரு மணி நேரம். ஆண்கள் போன பிறகு ஆடலாம் என்றால் ஆறு மணிக் கதவு. வீட்டிலிருந்து வருகிற பெண்களுக்குக் கடைசிப் பேருந்து, அதற்குப் பிறகு அடுப்பு. பணத்துக்கு முன்னால் பங்கு போடப்படுவது நேரம். அதில் ஆண் பிள்ளைக்கு மாலை முழுவதும் கிடைக்கிறது. அவனுடைய மாலைக்கான செலவை அம்மாவும் அக்காவும் கட்டுகிறார்கள். எந்தக் கிளப்பின் வரவு செலவிலும் அது வருவதில்லை. அந்த ஒன்பது கோல்களில் ஒன்றிரண்டு என்னுடைய கையெழுத்தால் விழுந்தவை.

அவளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அன்று நீங்கள் விதிப்படி தோற்றீர்கள். அந்தப் பெண்களின் வெற்றியைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் தோற்றது நியாயம் என்று நீ ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். விசில் ஊதியதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் நடுவர் பொறுப்பு. அதற்கு முன்னால் நடந்ததற்கு மைதான நேரத்தைப் பங்கு போட்டவர்கள், லீக்கின் வாசலில் கட்டணம் வைத்தவர்கள், விடுதிக் கதவைப் பூட்டியவர்கள் பொறுப்பு. அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

விடுதி நேரத்தை மாற்றச் சொல்லி இந்த ஆண்டு எழுதிக் கொடுத்தேன். போட்டி நடக்கும் மாதங்களில் மட்டும், அணியில் இருப்பவர்களுக்கு மட்டும், ஏழு மணி வரை என்று அனுமதி வந்திருக்கிறது. மைதான நேரத்தைப் பற்றிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கோல்கீப்பர் இப்போது மூன்றாம் ஆண்டு. முந்தாநாள் விடுதி வாசலில் நின்று கேட்டாள்: “அணியில இல்லாத பிள்ளைங்க எப்பம்மா ஆடிப் பழகுறது?” அடுத்த கடிதத்தை அந்த வரியிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.