உனக்கு வரம் இல்லை என்று சொல்வது யார்?



ஆராதனை முடிந்ததும் கீபோர்டு வாசிக்கிற தம்பியின் தோளைத் தட்டி நாம் ஒரு வார்த்தை சொல்லுவது வழக்கம். "கர்த்தர் உனக்கு நல்ல வரம் கொடுத்திருக்கார் தம்பி." நல்ல வார்த்தைதான். ஆனால் இதே வார்த்தையைத் திருப்பிப் போட்டு, "உனக்கு அந்த வரம் இல்லைப்பா" என்றும் சபைகளில் சொல்லப்படுகிறது. முதல் வார்த்தை ஒருவனைத் தூக்கி நிறுத்தும். இரண்டாவது, ஒரு பிள்ளையை ஆயுசு முழுவதும் கடைசிப் பாயில் உட்கார வைத்துவிடும். இப்படிச் சொல்ல நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? ஐம்பத்திரண்டாம் வயதில் நான் பியானோ கற்றுக்கொள்ள உட்கார்ந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பியானோவில் 88 கட்டைகள் உண்டு. வெள்ளை 52, கறுப்பு 36. என் வீட்டில் இருப்பது 61 கட்டை உள்ள பழைய கீபோர்டுதான். வாரத்தில் ஒரு நாள் டீச்சரம்மா வீட்டில் நிஜப் பியானோவில் பாடம். அவர்கள் என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். பாடம் என்று வந்துவிட்டால் அவர்கள்தான் அம்மா, நான் முதல் வகுப்புப் பையன்.

முதல் பாடம் விரல்களுக்கு எண் போடுவது. கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். ஒரு ஸ்கேல் ஏறி முடிக்க எட்டு சுரம் வேண்டும், கையில் இருப்பதோ ஐந்து விரல். ஆகவே வலது கை மூன்றாம் விரல் அழுத்தியதும், கட்டைவிரல் உள்ளங்கைக்குக் கீழே நுழைந்து நாலாவது கட்டைக்குப் போக வேண்டும். அந்த ஒரு நுழைவுக்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இடது கைக்கு எல்லாம் தலைகீழ். மனுஷருக்கே இது சீக்கிரம் பிடிபட்ட காரியம் அல்ல. பாக் என்ற பெரிய இசைமேதையின் மகன் 1753ல் கீபோர்டு வாசிப்பைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தன் தகப்பனார் வாலிபராயிருந்தபோது, பெரிய வித்வான்கள்கூட விரல் எட்டாத தூரத்துக்கு மட்டுமே கட்டைவிரலை உபயோகித்தார்கள் என்று அவர் சொன்னதாக அதில் எழுதியிருக்கிறார். இன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளை அதைச் சுலபமாகச் செய்யும்போது "பிறவியிலேயே வந்தது" என்கிறோம். யாரோ பிரயாசப்பட்டுக் கண்டுபிடித்தது அந்தப் பிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்தது இரண்டு கையும் சேர்த்து வாசிப்பது. வலது கை தனியே போனால் சரியாகப் போகும். இடது கையும் அப்படியே. சேர்த்தால் இரண்டும் வரப்புச் சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி ஒன்றையொன்று பார்க்காது. "மெதுவா ஐயா, இன்னும் மெதுவா. நடக்க வேண்டாம், தவழுங்க" என்பார்கள் டீச்சரம்மா. (பாட்டு எந்த சுருதியில் இருந்தாலும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிட்டு ஒரே ஸ்கேலில் வாசிக்கிற தம்பிகள் உண்டு. அதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். டீச்சரம்மா சொல்லுவார்கள்.)

இதில் ஒரு காரியம் என்னை ஆச்சரியப்படுத்தியது. ஒரு ராத்திரி நான்கே வரியை நாற்பது நிமிஷம் போட்டு அடித்தும் வரவில்லை. சலித்துப்போய் மூடிவைத்துப் படுத்துவிட்டேன். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சும்மா தொட்டுப் பார்த்தால், வந்துவிட்டது! தற்செயல் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுபடியும் மறுபடியும் அப்படியே நடந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குறிப்பிட்ட வரிசையில் விரலால் தட்டச் சொல்லிக் கொடுத்து, தூங்கி எழுந்தபின் மறுபடி தட்டச் சொன்னபோது, நடுவில் எந்தப் பயிற்சியும் இல்லாமலே வேகம் கூடியிருந்தது என்று 2002ல் வெளியிட்டார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாற்பது நிமிஷம் உட்கார்ந்தது நான். அது என் பிரயாசம். ராத்திரியில் நடந்ததை நான் செய்யவில்லை. அது நடக்கிறதே எனக்குத் தெரியாது. விதைத்தவன் தூங்கி எழ, அவனுக்குத் தெரியாமலே பயிர் முளைக்கிறதை மாற்கு நாலாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம் அல்லவா, அதேதான். விதைக்காதவன் வயலில் அது முளைக்காது. விதைத்தவன் "நான்தான் முளைக்க வைத்தேன்" என்றும் சொல்ல முடியாது. வரத்தை ஒரு பக்கமும் பயிற்சியை ஒரு பக்கமுமாக வைத்து, எது என்று கேட்பதே கோணலாக எனக்குப் படுகிறது.

எங்கள் சபையில் மூத்த சகோதரர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "வரம் இருந்தா தானா வரும் பிரதர். கத்துக்கிட்டு வாசிக்கிறதெல்லாம் மாம்சம்" என்றார். தாவீதின் நாளில் கர்த்தருடைய வீட்டுப் பாடகர்கள் 288 பேரும் கற்றுத் தேறினவர்கள் என்று முதலாம் நாளாகமம் 25ல் இருப்பதைக் காட்டினேன். அது அந்தக் காலம் என்றார். அவர் தையல்கடை வைத்திருப்பவர். காஜா போட ஆரம்பித்து, தனியாகச் சட்டை வெட்ட எத்தனை வருஷம் ஆச்சு அண்ணாச்சி என்று கேட்டேன். ஆறு வருஷம் என்றார். அதன்பின் இருவரும் காப்பி குடித்தோம்.

'தாலந்து' என்கிற வார்த்தையையும் நாம் கொஞ்சம் கவனிக்கலாம். வேதத்தில் அது திறமையைக் குறிக்கும் சொல்லே அல்ல. வெள்ளியை நிறுக்கிற ஒரு எடை, அந்த எடையுள்ள பணம். அந்த உவமையை வைத்துத்தான் பிற்பாடு ஆங்கிலத்தில் அதற்குத் திறமை என்ற அர்த்தம் வந்தது. உவமையிலோ, அவனவன் திறமைக்குத் தக்கபடி பணம் கொடுக்கப்படுகிறது. வாங்கினவன் வியாபாரத்துக்குப் போக வேண்டியிருந்தது.

பயிற்சி பண்ணினால் எல்லோரும் ஒரே உயரத்துக்கு வந்துவிடலாம் என்கிறவர்களையும் நான் நம்பவில்லை. பெர்லினில் நடந்து 1993ல் வெளியான ஒரு ஆய்வில், மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரி 10,000 மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள் என்று கண்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பலர் பேசினார்கள். 2014ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, இசையில் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் 21 சதவீதத்தைத்தான் பயிற்சியால் விளக்க முடிந்தது. சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் 2019ல், 13 வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்து ஜெயித்தான். எனக்கு இன்னும் நூறு வருஷம் கொடுத்தாலும் அந்த வேகம் வராது. வித்தியாசம் உண்டு. ஆனால் அது வேலை செய்து பார்த்த பிறகு தெரிகிற வித்தியாசம். ஒரு பிள்ளை கட்டையில் கை வைத்த முதல் மாதத்திலேயே அதைக் கண்டுபிடிக்கிற கண் நம்மில் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

நன்றாக வாசிக்கிறவனுக்கும் நாம் நியாயம் செய்வதில்லை. எங்கள் கீபோர்டு தம்பியிடம், எப்படிப்பா கத்துக்கிட்டே என்று ஒருநாள் கேட்டேன். ஒரே அறை உள்ள வீடு. எல்லோரும் தூங்கினபிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிவரை, நாலு வருஷம். "இதை யாருமே கேட்டதில்லை அங்கிள். வரம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க" என்றான். அவன் குரலில் பெருமை இல்லை, கொஞ்சம் களைப்பு இருந்தது.

அதே பாட்டுக் குழுவில், தாளம் பிடிபடவில்லை, வரம் இல்லை என்று ஒதுக்கப்பட்ட பதினாலு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். செவ்வாய், வியாழன் சாயங்காலம் இப்போது என் வீட்டுக்கு வருகிறான். கட்டைவிரல் நுழைகிற இடத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரி முட்டிக்கொள்கிறோம். போன வாரம் நடுவில் கரண்ட் போயிற்று. கிளம்பிவிடுவான் என்று பார்த்தேன். போகவில்லை. சத்தம் வராத கட்டைகளிலேயே ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று என்று விரலை ஓட்டிக்கொண்டிருந்தான்.