சந்நிதியில் சத்தியம் வாங்கலாமா?



பையன் போதையில விழுந்துட்டான்னு தெரிஞ்சதும் நம்ம வீடுகள்ல முதல்ல அழுகை, திட்டு. அடுத்தது கோவில். சந்நிதி முன்னாடி நிறுத்தி, "இனிமே தொடமாட்டேன்னு கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணு"ன்னு கேட்பாங்க. சில கோவில்கள்ல இதுக்காகவே கயிறும் கட்டுறாங்க. இருபத்தஞ்சு வயசு, வேலைக்குப் போற பையன், அம்மா முகத்தைப் பார்த்துட்டு சத்தியம் பண்ணிடுவான். அந்த நிமிஷம் அவன் பொய் சொல்லல. நிஜமாவே விடணும்னுதான் நினைக்கிறான்.

இப்படி ஒரு சத்தியத்தைக் கேட்பது நியாயமா?

மாலை போட்ட 48 நாளும் குடியைத் தொடாதவங்களை நாம பார்த்திருக்கோம். அந்தப் பலத்தை நான் குறைச்சுப் பேசல. ஆனா போதை அடிமைத்தனம் ஒரு நோய், விட்டவங்க மறுபடி வழுக்குவது அதில் சகஜம்னு டாக்டர்கள் சொல்றாங்க. வழுக்கினவனுக்கு சத்தியம் இன்னொரு சுமை ஆயிடுது. அம்மாவை ஏமாத்திட்டோம், சாமி குத்தமும் ஆயிடுச்சு. அதனால மறைக்கிறான். வீட்டுக்கு லேட்டா வர்றான், கோவில் பக்கமே போறதில்ல.

மறைக்கிறதுதான் ஆபத்து. ஹெராயின், போதைக்காக எடுக்கிற சில வலி மாத்திரைகள் மாதிரி விஷயங்கள்ல, சில வாரம் நிறுத்தினாலே உடம்போட தாங்கும் சக்தி குறைஞ்சிடும். பழைய அளவையே மறுபடி எடுத்தா மூச்சு நின்னுடலாம். கதவைப் பூட்டிட்டு தனியா எடுத்தவனை யார் காப்பாத்துவாங்க? (எங்க சாஃப்ட்வேர் வேலையிலயும் எரர் காட்டுற சிஸ்டத்தை விட, எரரை மறைக்கிற சிஸ்டத்துக்குத்தான் பயப்படுவோம்.)

அதனால "தொடவே மாட்டேன்"னு வாங்குறதை விட, "தொட்டுட்டா அன்னைக்கே சொல்றேன்"ங்கிற வார்த்தையை வாங்கலாம்னு எனக்குத் தோணுது. அது அவன் கையில இருக்கிற விஷயம். ஆனா அப்படிக் கேட்டா பெத்தவங்களும் ஒரு வார்த்தை கொடுக்கணும். அவன் வந்து சொல்ற அன்னைக்கு கை ஓங்கக்கூடாது, மாமாவுக்குப் போன் போட்டு பஞ்சாயத்து வைக்கக்கூடாது. ரெண்டுல இதுதான் கஷ்டமான சத்தியம்.

அப்போ கேட்டதையெல்லாம் கொடுக்கணுமா? இல்ல. அருணகிரிநாதர் கதை நமக்குத் தெரியும். கையில இருந்ததையெல்லாம் அக்கா கொடுத்தாங்க, அதனால அவர் திருந்தல. ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணத்தை நேரா ஆஸ்பத்திரியில கட்டுங்க. "ஃப்ரெண்டுக்குக் கடன்"னா வேண்டாம். அவனுக்காக ஆபீசுக்குப் பொய் சொல்லவும் வேண்டாம். உண்மையை அவன்கிட்ட கேட்கிற வீடு, தானும் பொய் சொல்லக்கூடாது இல்லையா? அதே கதையில, திருவண்ணாமலை கோபுரத்துல இருந்து விழுந்தவரை முருகன் தாங்கினப்போ, "இனிமே திருந்துவியா?"ன்னு முதல்ல கேட்டதா நான் கேள்விப்பட்டதில்ல.

பல வீடுகள் போலீஸ் பயத்துலயே சிகிச்சையைத் தள்ளிப்போடுது. 1985 போதைப்பொருள் சட்டத்துல 64ஏ பிரிவு இருக்கு. பயன்படுத்தினதுக்காகவோ, சிறிய அளவு வெச்சிருந்ததுக்காகவோ வழக்கு வந்தாலும், அரசு அங்கீகரிச்ச இடத்துல தானா முன்வந்து சிகிச்சை எடுத்து முடிக்கிறவருக்கு அது விலக்கு தருது. 14446 இலவச உதவி எண். சென்னையில சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கின அமைப்போட டி.டி.கே. மருத்துவமனையில குடும்பத்தாருக்கும் தனிப் பயிற்சி உண்டு. இதையெல்லாம் வீட்டுல எடுத்துச் சொல்ல வேண்டியது பெரும்பாலும் நம்ம வயசு ஆளுங்கதான், அண்ணனாவோ தங்கச்சியாவோ.

ஏற்கெனவே சத்தியம் வாங்கியாச்சா? கயிறு கையில இருக்கட்டும், அவிழ்க்க வேண்டாம். ஒருநாள் சாப்பாடு போடும்போது அம்மா இப்படிச் சொல்லலாம்: "ஒருவேளை சத்தியம் உடைஞ்சாலும் நேரா வீட்டுக்கு வாப்பா. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். முருகன்கிட்ட அப்புறமா நான் பேசிக்கிறேன்."