சந்தேகம் எங்கே நிற்க வேண்டும்?

கல்லூரியில் தனக்கு நேர்ந்த பாலியல் அத்துமீறலை ஒரு மாணவி துறைத் தலைவரிடமோ முதல்வரிடமோ சொன்னதும், "வெறும் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்ற பதில் வந்துவிடுகிறது. கேட்பதற்கு நிதானமாகத் தோன்றும் இந்தப் பதிலுக்குள் மிகப் பழைய தத்துவக் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருவர் சொல்வது அறிவுக்கு ஆதாரமாகுமா? சார்வாகர்கள் கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்றார்கள். பௌத்தத் தர்க்கவாதிகள் அனுமானத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். நியாய தரிசனம் சொல்லையும் தனிப் பிரமாணமாக வைத்தது. சைவ சித்தாந்தமும் காண்டல், கருதலோடு உரையையும் அளவையாகக் கொண்டது. அப்படியானால் யாருடைய சொல்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இரண்டே தகுதிகள் கேட்கிறார்: சொல்பவர் அதை நேரடியாக அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் எண்ணம் வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சொல்லிவிடுகிறார். ஏற்றத்தாழ்வில் ஊறிக் கிடந்த சமூகத்தில், நம்பத் தகுந்தவர் யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்யாது என்று ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

இந்த அளவுகோலை நம் கல்லூரிகளில் வைத்துப் பார்க்கலாம். மூடிய அறைக்குள் நடந்ததை நேரடியாக அறிந்தவர்கள் இருவர்தான். அவர்களில் ஒருவர் புகார் சொல்கிற மாணவி. முதல் தகுதி அவருக்கு இருக்கிறது. இரண்டாவது இருக்கிறதா என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் அவரிடம் கேட்கப்படுவது வேறு: அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய், என்ன உடுத்தியிருந்தாய், இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை, இன்டர்னல் மார்க் குறைந்த கோபமா? இவற்றில் பலவும் அவர் உண்மை சொல்கிறாரா என்பதைத் தொடுவதே இல்லை. குற்றம் சாட்டப்பட்ட பேராசிரியரின் மறுப்பும் வெறும் வாய்ச்சொல்தான். ஆனால் அதற்குச் சாட்சி கேட்பவர் அரிது. பதவியே அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. சொல்பவர் யார் என்பதால் சொல்லின் மதிப்பைக் குறைப்பதும் ஓர் அநீதியே என்று மிராண்டா ஃப்ரிக்கர் 2007-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். அறிந்தவர் என்ற தகுதியிலேயே ஒரு மனிதரை அது காயப்படுத்துகிறது.

பொய்ப் புகார் வந்தால் ஒருவர் வாழ்க்கையே நாசமாகிவிடாதா என்பது தட்டிக்கழிக்கக்கூடிய ஆட்சேபம் அல்ல. குற்றம் சாட்டப்பட்டவரும் நியாயத்துக்கு உரியவரே. ஆனால் புகாரைக் கேட்பது ஒன்று, தீர்ப்பு சொல்வது இன்னொன்று. நியாய தரிசனத்தில் சந்தேகம் விசாரணைக்கு முன்படி. இரு தரப்பையும் எடைபோட்ட பிறகே நிர்ணயம். சந்தேகம் இருந்தால் விசாரிக்க வேண்டும், அதைச் சொல்லிக் கதவைச் சாத்தக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. உள்ளகப் புகார்க் குழு 7 நாட்களுக்குள் புகாரின் நகலை எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும். அவர் 10 நாட்களுக்குள் தன் சாட்சிகள், ஆவணங்களோடு பதில் தரலாம். 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். வேண்டுமென்றே பொய் சொன்னது நிரூபணமானால் அதற்கும் நடவடிக்கை உண்டு. நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்யாகிவிடாது என்பதையும் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக்கியிருக்கிறது. பழி சாட்டப்பட்டவருக்கும் காப்பு இந்த விசாரணைதான். அது நடக்காத இடத்தில் வதந்தி மட்டுமே மிஞ்சும்.

இதைவிட ஆழமாக வேரோடிய ஆட்சேபம் குருபக்தி. சென்னைக் கலாக்ஷேத்ராவில் 2023 மார்ச்சில் பாலியல் அத்துமீறல் புகார்களோடு மாணவியர் போராட்டத்தில் உட்கார்ந்தபோது, மரபும் கலையும் புனிதமும் ஒருபக்கம், மாணவியர் சொல் மறுபக்கம் என்று பிரித்துப் பேசியவர்கள் உண்டு. அந்தப் பிரிவினையே தவறு. தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில், படிப்பு முடித்துப் போகும் மாணவனிடம் ஆசிரியரே, எங்களிடம் உள்ள நல்லொழுக்கத்தை மட்டும் பின்பற்று, மற்றதை விடு என்கிறார். தன் நடத்தையை மாணவன் எடைபோடலாம் என்று குருவே ஒப்புக்கொண்ட மரபு இது. புகார் சொல்வதைக் குருநிந்தை என்பவர்கள் இந்த மரபையே மறந்துவிட்டார்கள். சிலர் மன்னிப்பைப் பேசுகிறார்கள். மன்னிக்கும் உரிமை காயப்பட்டவருடையது; அவர் பெயரில் நிர்வாகம் மன்னித்துக்கொள்ள முடியாது.

சொல்லைக் கேட்டு விசாரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் பாலியல் தாக்குதலுக்கு ஆளான மாணவி புகார் கொடுத்தார். அவர் அடையாளம் இருந்த முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் அடங்கிய சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை. ஒரு பெண் துணிந்து சொன்ன சொல்லிலிருந்துதான் இத்தனையும் தொடங்கியது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, ஒரு பெண் உங்களிடம் வந்து சொன்னால், ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று கேட்டு, புகாரை எழுத உதவுங்கள். சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் புகார் தர வேண்டும். உரிய காரணம் இருந்தால் அதைப் பதிவு செய்துவிட்டு மேலும் மூன்று மாதம் வரை குழு அவகாசம் தரலாம்.