ஏழு தீவு, ஏழு நாள்

சிசிலியின் வடகரைக்கு எதிரே, திர்ரேனியக் கடலில், ஏயோலியத் தீவுகள் ஒரு கோணல் ஒய் எழுத்துப்போலக் கிடக்கின்றன. லிப்பாரி, வுல்கானோ, சலீனா, பனரேயா, ஸ்த்ரொம்போலி, ஃபிலிகூதி, அலிகூதி என்று ஆள் வசிக்கும் தீவுகள் ஏழு. எல்லாமே எரிமலை பெற்ற பிள்ளைகள். எதிர்க்கரையில் மிலாட்ஸோ, போர்த்தொரோஸா போன்ற துறைகளில் பாய்மரப் படகுகள் வாரக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். சனிக்கிழமை மாலை படகைக் கையில் கொடுப்பார்கள். அடுத்த சனிக்கிழமை காலை திருப்பித் தர வேண்டும். ஏழு தீவு, ஏழு நாள். படகு மேசையில் வரைபடத்தை விரித்ததும் குழுவில் யாராவது ஒருவர் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சங்கடம் அங்கேதான் பிறக்கிறது.

உண்மையான கணக்கு வேறு. முதல் சனிக்கிழமை, உயிர்காப்பு அங்கிகளை எண்ணுவதிலும், கழிப்பறை வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று கற்பதிலும், தண்ணீர் பாட்டில்களையும் பாஸ்தாவையும் தூக்கி வந்து பலகைகளுக்கு அடியில் அடுக்குவதிலும் போய்விடும். கடைசி வெள்ளி மாலைக்குள் படகு துறைக்கு வந்தாக வேண்டும். மிஞ்சுவது ஆறு பகல். அதிலும் மிலாட்ஸோவிலிருந்து வுல்கானோவே சுமார் 17 கடல் மைல். வடகிழக்கு முனையில் இருக்கும் ஸ்த்ரொம்போலிக்கும் மேற்குக் கோடியில் இருக்கும் அலிகூதிக்கும் இடையே 40 கடல் மைலுக்கு மேல். மணிக்கு 5 கடல் மைல் போகும் படகுக்கு அது எட்டு மணி நேரத்துக்கும் மேல். காற்று எதிரே நின்றால் அந்தக் கணக்கும் பொய். எந்தப் பாய்மரப் படகும் காற்றின் முகத்துக்கு நேராகப் போகாது. ஏறக்குறைய 45 பாகை விலகி, இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் முன்னேறும். எட்டு மணி பன்னிரண்டாகிவிடும். இரண்டாம் மணியிலேயே ஒருவர் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அங்கே காற்றுக்கும் ஒரு குடும்பமே உண்டு. வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த நமக்கு இது புதிதல்ல. இத்தாலிய மாலுமிகள் எட்டுத் திசைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். தென்கிழக்கிலிருந்து ஆப்பிரிக்க வெக்கையைச் சுமந்து வருவது சிரோக்கோ. வடமேற்கிலிருந்து வானத்தைத் துடைத்துவிட்டு அறைவது மாயெஸ்த்ராலே. வயர்லெஸ்ஸில் 68-ஆம் சேனலைத் திருப்பினால் ஓர் இயந்திரக் குரல் ஓயாமல் காற்று அறிக்கை வாசித்துக்கொண்டே இருக்கும். சனிக்கிழமையைப் பற்றி அதற்கு எந்தக் கவலையும் கிடையாது.

இந்தத் தீவுகளுக்குப் பெயர் கொடுத்தவனே காற்றின் காவலன் ஏயோலஸ்தான். ஹோமரின் ‘ஒடிஸி’யில் அவன் ஒடிஸியஸை ஒரு மாதம் வைத்து விருந்திடுகிறான். வழியனுப்பும்போது, எதிர்க்காற்றுகளையெல்லாம் ஒரு தோல் பையில் அடைத்து, வெள்ளிக் கயிற்றால் கட்டிக் கப்பலில் வைக்கிறான். வீட்டுக்குத் தள்ளும் மேல்காற்றை மட்டும் வெளியே விடுகிறான். ஒடிஸியஸ் ஒன்பது நாள் கண்ணயராமல் பாய்க் கயிற்றைத் தானே பிடித்திருக்கிறான், வேறு ஒருவரிடமும் கொடுக்கவில்லை. பத்தாம் நாள் சொந்த மண் தெரிகிறது, கரையில் நெருப்பு மூட்டுகிறவர்கள்கூடத் தெரிகிறார்கள். அப்போது தூங்கிப்போகிறான். பையில் பொன்னும் வெள்ளியும் இருக்கும் என்று நினைத்த மாலுமிகள் அவிழ்த்துவிடுகிறார்கள். புறப்பட்ட இடத்துக்கே கப்பல் திரும்பிப் போகிறது.

வழக்கமாக மாலுமிகளின் பேராசையைத்தான் குறை சொல்வார்கள். ஒடிஸியஸையும் கொஞ்சம் கேட்க வேண்டாமா? பையில் என்ன இருக்கிறது என்று கூட இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கயிற்றை இன்னொருவன் கையில் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் தூங்கி எழுந்திருக்கலாம். ஊருக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்ற ஒரே நினைப்பு அவனை விழிக்கவும் வைத்தது, கடைசியில் கவிழ்க்கவும் செய்தது. வாடகைப் படகிலும் இப்படி ஒருவர் இருப்பார். உரிமம் அவர் பெயரில். கட்டிய முன்பணம் போய்விடுமோ என்ற பயம் அவர் வயிற்றில். சுக்கானை விடமாட்டார். இன்று எந்தத் தீவு, ஏன் அந்தத் தீவு என்பதையும் சொல்லமாட்டார். மூன்றாம் நாள் படகில் பேச்சு குறைந்துவிடும்.

நங்கூரம் போடும் பத்து நிமிடத்தைப் பார்த்தால் போதும், ஒரு குழுவின் குணம் தெரிந்துவிடும். முன்முனையில் ஒருவர் சங்கிலிப் பொத்தானை அழுத்தியபடி நிற்பார். பின்னால் ஒருவர் சுக்கானில். ஆழம் ஆறு மீட்டர் என்றால் அதைப்போல நாலைந்து மடங்கு சங்கிலியை விட வேண்டும். தண்ணீருக்கு அடியில் கரும்பச்சையாகத் தெரிவது பொசிடோனியா கடற்புல். அதன்மேல் இரும்பைப் போட்டால் புல் வேரோடு வரும், நங்கூரமும் பிடிக்காது. வெளிறிய மணல் திட்டாகத் தேட வேண்டும். இன்ஜின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது, கை சாடைதான். சாடையை முன்கூட்டிப் பேசிவைக்காதவர்கள் கத்துவார்கள். பக்கத்துப் படகுக்காரர்கள் காபிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அந்த வாரத்தின் இலவசக் கேளிக்கை அது ஒன்றுதான்.

மாயெஸ்த்ராலே பிடித்துக்கொண்டால் சலீனாவின் சாந்தா மரீனா துறையில் ஒரு நாள் கட்டிக் கிடக்க வேண்டும். பட்டியலில் ஒரு தீவு போச்சு என்று முகம் சுருங்கும். அந்த நாளில் என்ன இருக்கிறது? கேப்பர் செடி இருக்கிறது. ஊறுகாய் போல உப்பில் போட்டுச் சாப்பிடும் கேப்பர் என்பது காயல்ல, மொட்டு. வெயில் ஏறுவதற்குள் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் பறிக்கிறார்கள். சிறிய மொட்டுக்குத்தான் மதிப்பு. பறிக்காமல் விட்ட மொட்டு வெள்ளையாக மலர்ந்து, ஊதாக் கேசரங்களை நீட்டி, ஒரே நாளில் வாடிவிடும். பிறகு காயாகும்; அதற்கு வேறு பெயர், வேறு விலை. கல் சுவரில் பூத்திருப்பதைப் பார்க்கிறவர், அது ஒரு கை தவறவிட்டது என்று அறிந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்.

மலைச்சரிவில் பழைய திராட்சைப் படிக்கட்டு வயல்களும் உண்டு. மால்வசியா என்ற இனிப்பு ஒயின்தான் ஒரு காலத்தில் இந்தத் தீவின் செல்வம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலாக்ஸெரா என்ற பேன்போன்ற பூச்சி வேர்களைத் தின்று தீர்த்தது. தோட்டம் போனதும் ஜனங்கள் கப்பல் ஏறினார்கள், பலர் ஆஸ்திரேலியாவுக்கு. ஒரு வாரத்துக்குப் பணம் கட்டி வருகிறவர்கள் படம் எடுக்கும் கூரையில்லாத வீடுகளில் பல, திரும்பி வரும் தேதி இல்லாமல் போனவர்களுடையவை. லிப்பாரியின் கதை இதற்கு நேர்மாறு. அங்கிருந்து போகத் துடித்தவர்களைப் போகவிடாமல் வைத்திருந்தார்கள். முசோலினியின் அரசு தன் எதிரிகளை அங்கே காவலில் வைத்தது. கார்லோ ரொஸ்ஸெல்லி, எமிலியோ லுஸ்ஸு, ஃபாவுஸ்தோ நித்தி மூவரும் 1929 ஜூலையில் ஓர் இரவு விசைப்படகில் தப்பித் துனீசியா போய்ச் சேர்ந்தார்கள். இன்று கோடை உல்லாசத்துக்குப் படகு கட்டும் அதே நீர்தான்.

அப்படியானால் ஒரே தீவில் உட்கார்ந்துவிடுவதுதான் ஞானமா? அதுவும் இல்லை. ‘நாங்கள் ஓடுவதில்லை, நிதானமாகப் பார்க்கிறோம்’ என்பதும் இப்போது ஒரு பெருமைப் பேச்சாகிவிட்டது. ஸ்த்ரொம்போலியைப் பார்க்காமல் திரும்புவது, நிதானத்தின் பேரில் செய்யும் சோம்பல். 924 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, வரலாற்றுக்குத் தெரிந்த காலமெல்லாம் பெரும்பாலும் ஓயாமல் வெடித்துக்கொண்டிருக்கிறது. மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்பது அதன் பட்டப்பெயர். இரவில் ‘ஷாரா தெல் ஃபுவோகோ’ என்ற கருஞ்சரிவுக்கு எதிரே, தூரம் விட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு மிதக்க வேண்டும். இருட்டு. படகு இப்படியும் அப்படியும் உருளும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒன்றும் நடக்காது. யாரோ ‘போகலாமா’ என்பார். அப்போது உச்சியில் சிவப்பாக ஒரு கொப்பளிப்பு. கல் உருண்டு நீரில் விழும் சத்தம் பிந்தி வரும். சில முறை அந்த மலை விளையாட்டை மீறிவிடும். 2019 ஜூலை 3-ஆம் தேதி பெருவெடிப்பில் மலையேறிய ஒருவர் இறந்தார். கரையோரத்தில் அடிநிலம் சட்டென்று ஆழமாகிவிடும், நாலு பக்கமும் திறந்த கடல். அங்கே இரவு தங்கலாமா என்பதைக் காற்றுதான் சொல்ல வேண்டும்.

விடுபடுவது பெரும்பாலும் அலிகூதிதான். மோட்டார் சாலையே இல்லாத கூம்புத் தீவு. கல் படிகளில் கோவேறு கழுதை மூட்டை சுமக்கும். சலீனாவிலிருந்து பார்த்தால் மேற்கே, ஃபிலிகூதிக்கும் அப்பால், நீல நிறத்தில் ஒரு முக்கோணம். போகாத தீவை நஷ்டக் கணக்கில் எழுதுவதா, வேண்டாம். அதற்காக, அடுத்த வருஷம் வரலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வேண்டியதில்லை, பலர் வருவதில்லை. அது அங்கே இருக்கிறது, பார்த்தாயிற்று, போகவில்லை. அவ்வளவுதான்.

வெள்ளி மாலை, துறையின் டீசல் பம்புக்கு முன் படகுகள் வரிசை கட்டி நிற்கும். டேங்கை நிரப்பித்தான் ஒப்படைக்க வேண்டும். பாய்மரப் படகின் இன்ஜின் மணிக்கு 3, 4 லிட்டர் குடிக்கும். பம்பு மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்தாலே, எந்தப் படகு காற்றோடு போனது, எது சனிக்கிழமையைத் துரத்தியது என்று தெரிந்துவிடும். பம்புக்காரர் எண்ணைப் பார்ப்பார், படகில் இருப்பவர்கள் முகத்தைப் பார்ப்பார், ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த படகின் கயிற்றுக்குக் கை நீட்டுவார்.