மந்தியின் கிலுகிலுப்பை

பேத்திக்கு ஒன்பது மாதம். காலையில் எங்கள் இருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவள் கரண்டியைக் கீழே போடுவாள். நான் எடுத்துக் கொடுப்பேன். எவர்சில்வர் கரண்டி, சிமெண்ட் தரை. விழுகிற சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்கும். போட்டவள் கரண்டி விழுந்த இடத்தை ஒரு தரம்தான் பார்ப்பாள், பிறகு கண் என் முகத்தில்தான் இருக்கும். நேற்று எண்ணினேன். பதினேழு தடவை குனிந்திருக்கிறேன். பதினெட்டாவதற்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

மகள் திண்டிவனத்தில் வேலை பார்க்கிறாள். எட்டு மணிக்குப் பேருந்து ஏறினால் திரும்ப இருட்டிவிடும். மகப்பேறு விடுப்பு முடிந்து போன முதல் வாரத்திலேயே வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். வீட்டில் குழந்தையோடு விளையாட இருபத்திரண்டு விளையாட்டுகள். கறுப்பு வெள்ளைப் படம் காட்டுவது, டப்பாவுக்குள் டப்பா போடுவது, உறையில் கலர் தண்ணீர் ஊற்றி அமுக்கவிடுவது என்று போகும். "ம்மா, தினமும் நாலாவது பண்ணிடும்மா. இந்த வயசுலதான் மூளை வளருமாம்." சாயங்காலம் வந்ததும் கேட்டாள், "இன்னிக்கு எது எது பண்ணின?"

"கரண்டி" என்றேன். அது பட்டியலில் இல்லை.

அவளைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பத்து மணி நேரம் பிள்ளையை விட்டுப் போகிறவள், அந்தப் பத்து மணி நேரத்துக்குள் எதையாவது வைத்து அடைக்கத்தான் பார்ப்பாள். பட்டியல் வந்தது ஆசையிலிருந்து மட்டும் இல்லை, ஒரு குறுகுறுப்பிலிருந்தும். அதை நான் வேறொருத்தி முகத்தில் பார்த்திருக்கிறேன்.

என் அம்மா மரக்காணம் உப்பளத்தில் கூலி. விடிவதற்கு ரொம்ப முன்னே போனால்தான் வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்கலாம். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற ஒளி கண்ணைக் குத்தும், பாத்தியில் நிற்க முடியாது. என் தம்பிக்குக் கைக்குழந்தை வயது, எனக்கு ஏழு. வெளிச்சம் வந்ததும் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அளத்துக்குப் போவேன். வரப்போரத்துச் சீமைக்கருவேல மரத்தில் பழம்புடவைத் தூளி. பத்து மணிவாக்கில் அம்மா வந்து பால் கொடுக்கும்வரை அவன் அழாமல் இருக்க வேண்டும். அதுதான் என் வேலை. விளையாட்டு என்று அன்றைக்கு அதற்குப் பெயர் தெரியாது.

பவுடர் டப்பா ஒன்று வைத்திருந்தேன். உள்ளே உப்புக் கல் நாலைந்து போட்டு மூடியை அழுத்தி மூடிவிட்டால் கிலுகிலுப்பை. காய்ந்த வெயிலில் கலகலவென்று கேட்கும். கடல்காற்று ஈரமாக அடிக்கிற நாளில் உப்பு கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சத்தம் செத்துவிடும். அப்போது விரல்தான். அவன் உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டி, பிறகு என் இரண்டு விரலை நண்டாக்கி முழங்கை வழியாக அக்குள்வரை ஊரவிடுவேன். நண்டு எங்கே போகிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பாதி வழியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவான். கூச்சம் அக்குளில், சிரிப்பு முழங்கையில்!

வெகுகாலம் கழித்து, ஊரைப் பற்றி ஏதோ தேடப்போய்ச் சிறுபாணாற்றுப்படை கைக்கு வந்தது. பத்துப்பாட்டில் ஒன்று, நல்லூர் நத்தத்தனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய எயிற்பட்டினம் எங்கள் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள் என்பதால்தான் புத்தகத்தையே எடுத்தேன். நெய்தல் நிலம் வரும் இடத்துக்குப் போவதற்கு முன்பே ஒரு காட்சி என்னை நிறுத்திவிட்டது. உப்பு விற்கப் போகும் உமணர்களின் வண்டிகளோடு ஒரு பெண்குரங்கும் வருகிறது, வீட்டுப் பிள்ளைபோல. அது சிப்பிக்குள் முத்துகளை அடக்கி, உமணப் பெண்களின் குழந்தைகளோடு கிலுகிலி ஆடுகிறது.

காட்சி நடப்பது பாண்டியரின் கொற்கைப் பக்கம். அதை வம்படியாக எங்கள் ஊருக்கு இழுத்துவர நான் விரும்பவில்லை. ஆனால் உரையாசிரியர்கள் முத்தையும் மந்தியையும் வியந்துகொண்டிருக்கும்போது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. குழந்தைகளோடு விளையாட மந்தி வந்துவிட்டது, சரி, அவர்களைப் பெற்றவர்கள் எங்கே? உப்பு விலை கூறிக்கொண்டிருந்திருப்பார்கள். புலவர் அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அந்த மந்தி செய்த வேலையைத்தான் நான் கருவேல மரத்தடியில் செய்தேன். (முத்தும் சிப்பியும் கவிதையோடு இருக்கட்டும். வாய்க்குள் போகிற அளவு எதையும் கையில் கொடுக்கக் கூடாது. ஓலைக் கிலுகிலுப்பைக்குள் குன்றிமணி போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது விஷம்.)

தமிழில் குழந்தை விளையாட்டுக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மாதக் கணக்கோடு படித்துப் பாருங்கள். ஐந்தாம் மாதம் கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பதினைந்தை ஒட்டி நிலாவைக் கூப்பிடும் அம்புலி. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இன்னும் தவழத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும்போது நாளில் மொத்தம் அரைமணி நேரமாவது குப்புறப் படுத்து விளையாட வேண்டும், இரண்டு வயது ஆகும்வரை திரை வேண்டாம் என்கிறது. குப்புறப் படுத்த அந்த அரைமணி நேரத்தில் குழந்தை பழகுவது செங்கீரையைத்தான். மத்திய அரசு 2024-ல் கொண்டுவந்த 'நவசேதனா' சட்டகத்திலும் மூன்று வயதுக்குள் 140 செயல்பாடுகள் இருக்கின்றன. இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். "அப்ப லிஸ்ட் 162 ஆச்சு" என்றாள்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது பெரியாழ்வார் திருமொழியில் வரும் அப்பூச்சி. பூச்சாண்டி காட்டுவது பெரியவர்கள் வேலை என்றுதானே நினைக்கிறோம்? அங்கே அப்பூச்சி காட்டுகிறவன் கண்ணன், பயப்படுகிறவர்கள் பெரியவர்கள். இந்த விளையாட்டுகளை நடத்துவது யார் என்பதில் ஆழ்வாருக்குக் குழப்பமே இல்லை.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் கண் விழிக்கும்போது தினமும் அம்மா இருக்கமாட்டாள். அவனோடு நான் அதிகம் ஆடியது காணோம் விளையாட்டு. தூளித் துணியை முகத்தில் போட்டு "தம்பி காணோம்", எடுத்து "தோ!". நூறு தடவை ஆடினாலும் அலுக்காது அவனுக்கு. ஃபிராய்டு 1920-ல் வந்த புத்தகம் ஒன்றில், தன் ஒன்றரை வயதுப் பேரனைக் கவனித்து எழுதியிருக்கிறார். நூல் கட்டிய கட்டையைக் கட்டிலுக்கு அப்பால் எறிவான், போய்விட்டது என்பான். நூலைப் பிடித்து இழுப்பான், வந்துவிட்டது என்பான். அம்மா போவதையும் வருவதையும் பிள்ளை தன் கைக்குள் கொண்டுவந்து பார்க்கிறது என்று தாத்தாவுக்குத் தோன்றியது. கருவேல மரத்தடியில் இருந்த எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் ஒன்று பார்த்தேன். பத்து மணிக்கு அம்மா வருவாள். ஆசையாகக் கை நீட்டுவாள். இவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அம்மாவின் முகத்தில் அப்போது வருவதைத்தான் குறுகுறுப்பு என்றேன். அவள் பால் கொடுக்க அவசரப்படமாட்டாள். கையைக் கழுவுவாள், உப்பில் வெடித்த விரல். தலையில் கூடைக்கு வைத்த சும்மாட்டைப் பிரித்து உதறி, தன் முகத்தை மூடிக்கொண்டு அவன் எதிரில் உட்காருவாள். ஒன்றும் சொல்லமாட்டாள். கொஞ்ச நேரத்தில் இவன் திரும்பிப் பார்ப்பான், கையை நீட்டித் துணியை இழுப்பான். உள்ளே அம்மா. அவ்வளவுதான், மடிக்குத் தாவிவிடுவான். இதற்கு ஒரு நிமிடம் பிடித்திருக்குமா? அதற்கு மேல் விளையாட அவளுக்குத் தெம்பும் கிடையாது.

எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தைக் கல்லாக்கிக்கொள்வாள். கைக்குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கடைசியில் துவண்டுவிடும். செல்போன் பார்க்கிற பெற்றோரைத் திட்ட இதை எடுத்துக்காட்டுவது இப்போது வழக்கம். அதே ஆள் சொன்ன இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. நல்லபடியாக இருக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும்கூட, முகத்துக்கு முகம் விளையாடும்போது ஏறத்தாழ 30 சதவீத நேரம்தான் ஒத்துப்போகிறது. மீதி நேரம் இவர் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். விலகுவதும் மறுபடி சேர்வதுமாகத்தான் ஓடுகிறது. படித்தபோது அந்தச் சும்மாட்டுத் துணியின் உப்பு வாடை எனக்கு வந்தது.

இதை அழகான பழங்கதையாக நான் ஆக்கிவிடக் கூடாது. கிலுகிலுப்பை ஆட்டிய அந்த ஒன்றரை வருடம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பல உப்பளத்து வீடுகளில் தம்பிகள் சிரித்தது அக்காக்களின் செலவில். 1975-ல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோது நாங்கள் அந்த வயதைத் தாண்டியிருந்தோம். மகளுக்கு ஒரு பட்டியல் அனுப்பவும் அதை அனுப்பிவிட்டுக் கவலைப்படவும் நேரம் இருக்கிறதே, அது எங்கள் குடும்பத்துக்குப் புதுசு. அதைக் குறை சொல்ல நான் யார்?

நேற்று ஏழு மணிக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கை நீட்டினாள். பாப்பா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"கோவம்மா அவளுக்கு எம்மேல."

"உக்காரு முதல்ல."

உட்கார்ந்தாள், பை இன்னும் தோளில். நான் பாப்பாவைப் பாயில் விட்டேன். சற்று நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு பாப்பா தவழ்ந்துபோய்க் கரண்டியை எடுத்தாள், அம்மாவின் முட்டிக்கு அருகில் கொண்டுவந்து போட்டாள். டணார். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மகள் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி டணார்.

"எவ்வளவு நேரம்மா இது?"

"எனக்குப் பதினேழு" என்று சொல்லிவிட்டு, சோறு வடிக்க உள்ளே போனேன்.